சிரிக்க வைத்தவர்களின் கையெழுத்து

தபால்தலை சேர்ப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். பழைய காசு, தீப்பெட்டிப் படம் சேர்ப்பவர்களும் உண்டு. அவர்களையெல்லாம் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. நகைச்சுவை நடிகர்கள் கையெழுத்துப் போட்ட போட்டோக்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன் என்று நான் சொன்னால் மட்டும் உடனே ஒரு சிரிப்பு. அடுத்ததாக, "ஏன், ஹீரோ யாரும் கிடைக்கலையா?" என்று ஒரு கேள்வி வேறு!

ஹீரோக்கள் நிறையவே கிடைப்பார்கள், சகோதரிகளே. எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்கள் இன்றைக்கும் எத்தனை வீட்டில், எத்தனை கடையில் தொங்குகின்றன! அவற்றைக் காப்பாற்ற ஊருக்கு நூறு பேர் இருக்கிறார்கள். தங்கவேலுவின் படத்தை யார் வைத்திருக்கிறார்கள்? டி.பி. முத்துலட்சுமியின் படத்தை? 'அறிவாளி' (1963) படத்தில் அந்த இருவரும் பூரி சுடுவது பற்றிப் பேசும் காட்சி டி.வி.யில் வந்தால் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு ஓடிவந்து பார்க்கிறோம். சிரித்து முடித்ததும் திரும்ப அடுப்படிக்குப் போய்விடுகிறோம். வீட்டைக் காலி செய்யும்போது பழைய பேப்பர்காரரின் தராசில் முதலில் ஏறுவது இவர்கள் படம்தான்.

ஊகத்தில் சொல்லவில்லை. என் அப்பா திருச்சியில் படங்களுக்குக் கண்ணாடி போடும் கடை வைத்திருந்தார். சாமி படம் வரும். காலமான தாத்தா படம் வரும். கல்யாண குரூப் போட்டோ வரும். அதற்கப்புறம் ஹீரோக்கள். நாற்பது வருஷம் கடை நடத்தியதில், சிரிப்பு நடிகர் படத்தைக் கொண்டுவந்து கண்ணாடி போடச் சொன்னவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், அதிலும் பாதிப் பேர் சலூன்காரர்கள் என்பார் அப்பா. அதனால்தானோ என்னவோ, அவருக்கு இவர்கள் மேல் ஒரு தனி ஒட்டுதல். "சாமியையும் ஹீரோவையும் ஜனங்க பாத்துக்குவாங்க. இவங்கள யாரு பாத்துக்குவா?" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாகச் சேர்த்தார். அவர் சேர்த்ததும், பின்னால் நான் சேர்த்ததுமாக இன்று என்னிடம் 63 படங்கள் இருக்கின்றன.

படங்கள் எங்கிருந்து வந்தன தெரியுமா? அந்தக் காலத்தில் தியேட்டர் வாசலில் கண்ணாடிப் பெட்டி வைத்து, ஓடுகிற படத்தின் ஸ்டில்களைக் குத்தி வைத்திருப்பார்கள். படம் மாறியதும் பல ஸ்டில்கள் குப்பைக்குப் போகும். தியேட்டர் சிப்பந்தி ஒருவர் அப்பாவுக்குச் சிநேகிதர். ஹீரோ, ஹீரோயின் ஸ்டில்களை ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு போன பிறகு, மிச்சம் கிடப்பவை அப்பாவிடம் வரும். மிச்சம் என்றால் யார்? நம் ஆட்கள்தான்! நாலு மூலையிலும் குண்டூசி ஓட்டையோடு இருக்கும் அந்தப் படங்களை நான் இன்றும் பெருமையாகவே காட்டுவேன். தியேட்டர் வாசலில் நின்ற படம் என்பதற்கு அந்த ஓட்டைகள்தான் அத்தாட்சி.

கையெழுத்துக்கு அப்பா நம்பியது நாடகங்களை. திருச்சி தேவர் ஹாலுக்கு மெட்ராஸிலிருந்து நாடகக் குழுக்கள் வரும். நம் சிரிப்பு நடிகர்களில் பெரும்பாலோர் மேடையிலிருந்து வந்தவர்கள்தானே? நாகேஷ் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்துகொண்டே நாடகத்தில் நடித்தவர். சோவுக்கு விவேகா ஃபைன் ஆர்ட்ஸ் என்று சொந்தக் குழுவே இருந்தது. தேங்காய் சீனிவாசனுக்கு அந்தப் பெயர் வந்ததே ஒரு நாடகத்தால். 'கல் மணம்' என்ற நாடகத்தில் அவர் தேங்காய் வியாபாரியாக வந்து வெளுத்து வாங்கியதைப் பார்த்த தங்கவேலு, இனி இவரைத் தேங்காய் சீனிவாசன் என்றே கூப்பிட வேண்டும் என்று மேடையிலேயே சொல்லிவிட்டார். ஒரு சிரிப்பு நடிகருக்கு இன்னொரு சிரிப்பு நடிகர் பெயர் வைத்திருக்கிறார், பாருங்கள்!

ஸ்டூடியோ வாசலில் காவலாளியைத் தாண்ட முடியாது. நாடகம் முடிந்து அரிதாரம் கலைக்கும்போது அப்படியில்லை. முகத்தில் பாதி எண்ணெயும் கையில் காபியுமாக இருக்கும் நேரத்தில் படத்தை நீட்டினால், களைப்பிலும் வாங்கிப் பார்ப்பார்களாம். அப்பா பேனாவை மூடி திறந்தே கொடுப்பார். "அவங்க மூடியைத் தேடக் கூடாது பாரு!"

தபாலிலும் எழுதிப் பார்த்தார். தன் விலாசம் எழுதி, ஸ்டாம்பு ஒட்டிய கவரையும் உள்ளே வைத்து அனுப்புவார். சிலர் பதில் போடவில்லை. சிலரிடமிருந்து அச்சடித்த படம் வந்தது. படத்தோடு சேர்ந்தே கையெழுத்தும் அச்சாகியிருக்கும். அதற்காக நடிகர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று ஷிப்ட் நடித்துவிட்டு, மூட்டை மூட்டையாக வரும் கடிதங்களுக்குக் கையெழுத்துப் போட முடியுமா? உதவியாளர்தான் அனுப்புவார். ஹாலிவுட்டிலும் இதே கதைதான். அங்கே சில பெரிய நடிகர்களுக்குக் காரியதரிசியே அவர்களைப் போலக் கையெழுத்துப் போட்டுப் பழகியிருப்பார். பேனாவைப் பிடித்துக்கொண்டு ஒரே மாதிரி எழுதும் இயந்திரமும் உண்டு.

ஆனால் லாரல்–ஹார்டி ஜோடியில் ஒல்லியானவர், ஸ்டான் லாரல், விதிவிலக்கு. கலிபோர்னியாவில் சாந்தா மோனிகா என்ற கடற்கரை ஊரில், ஒரு சின்ன அபார்ட்மெண்டில் கடைசிக் காலத்தைக் கழித்தார். டெலிபோன் டைரக்டரியில் அவர் பெயரும் நம்பரும் எல்லாரையும் போல இருந்தன. யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம், வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம். 1957-ல் ஹார்டி காலமான பிறகு லாரல் மறுபடி நடிக்கவே இல்லை. 1965-ல் மறையும்வரை, முகம் தெரியாத ரசிகர்களின் கடிதங்களுக்குத் தானே உட்கார்ந்து டைப் அடித்து, தானே கையெழுத்துப் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தார். அதனால் அவர் கையெழுத்துப் போட்ட படங்களும் கடிதங்களும் உலகம் பூராவும் வீடுகளில் கிடக்கின்றன. நன்றாகச் சிரிக்க வைத்த மனிதர் தனியாக உட்கார்ந்து கடிதம் எழுதுவதை நினைத்தால் எனக்கு என்னவோ போல இருக்கும்.

சரி, அசலா அச்சா என்று கண்டுபிடிப்பது எப்படி? இதை என் சித்தி மகன் கதையோடு சொன்னால்தான் சுவாரஸ்யம். வெளியூர் போனவன், ஒரு கடையில் சார்லி சாப்ளின் படம், கீழே கையெழுத்து, தங்க நிற ஃப்ரேமோடு வாங்கி வந்தான். விலை நாலாயிரம்!

"அக்கா, ஒன் கலெக்ஷன்ல இந்த மாதிரி ஒண்ணு இருக்கா?"

"கொஞ்சம் ஜன்னல்கிட்ட கொண்டா, பாப்போம்."

படத்தைக் கழற்றி, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். பேனாவால் எழுதிய கையெழுத்து என்றால், மை படத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கும். சாய்த்துப் பார்க்கும்போது மையின் பளபளப்பும் தாளின் பளபளப்பும் வேறு வேறாகத் தெரியும். பால்பாயிண்ட் பேனா என்றால் லேசான பள்ளம்கூடத் தெரியும். அவன் படத்தில் எல்லாம் ஒரே பளபளப்பு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், கையெழுத்துக் கோட்டிலும் முகத்திலும் ஒரே மாதிரிப் புள்ளிப் புள்ளி. அச்சேதான்!

"அப்போ நாலாயிரம்?"

"ஃப்ரேம் நல்லா இருக்குடா. தேக்கு மரம்தான்" என்றேன். வேறென்ன சொல்ல!

அப்பா சொல்லிக் கொடுத்த இன்னும் சில சூட்சுமங்கள் உண்டு. என்.எஸ். கிருஷ்ணன் மறைந்தது 1957-ல். ஸ்கெட்ச் பேனா என்பது 1960-களில்தான் உலகத்துக்கே வந்தது. ஆக, கலைவாணர் கையெழுத்து ஸ்கெட்ச் பேனாவில் இருந்தால் பார்த்தவுடனே திருப்பிக் கொடுத்துவிடலாம். தாளையும் பார்க்க வேண்டும். 1950-களின் படம் தடித்த காகிதத்தில் இருக்கும், ஓரம் கிழிந்த இடத்தில் நார் நாராகத் தெரியும். வழவழவென்று பிளாஸ்டிக் பூசிய போட்டோத் தாள் பரவலானது 1970-களில்தான். அப்படிப்பட்ட தாளில் பழைய படம் இருந்தால் அது பின்னால் போட்ட பிரதி. இன்னொன்று, எந்த மனிதராலும் இரண்டு தடவை அச்சு அசலாக ஒரே மாதிரி கையெழுத்துப் போட முடியாது. இரண்டு படங்களில் உள்ள கையெழுத்து மயிரிழை பிசகாமல் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தினால், அது ரப்பர் ஸ்டாம்போ இயந்திரமோ போட்டது.

எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அசலாக இருந்தால் அதோடு போச்சு.

என்னிடம் உள்ளதில் பழசு கலைவாணரும் டி.ஏ. மதுரமும் சேர்ந்திருக்கும் படம். கண்ணாடி போடக் கொடுத்த ஆள் வாங்க வரவே இல்லை. பல வருஷம் கடையிலேயே காத்திருந்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. பவுண்டன் பேனாக் கையெழுத்துகள் எங்கள் கைக்கு வருமுன்பே வெயில் பட்டு வெளுத்துத் தவிட்டு நிறமாகிவிட்டிருந்தன. மதுரத்தின் பெயரை மட்டும் இன்னும் படிக்கலாம். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று ஞாபகம் வரும். 1944-ல் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கலைவாணர் கைதாகி, 1947-ல் விடுதலையாகும்வரை சிறையில் இருந்தார். அந்த வருஷங்களில் நாடகக் குழுவைக் கலைந்துபோக விடாமல் நடத்தியது மதுரம். வீட்டுக்காரர் சிறையில் இருக்கும்போது மேடையேறி ஜனங்களைச் சிரிக்க வைப்பதென்றால் எப்படிப்பட்ட மனசு வேண்டும்!

பெண்கள் என்று வந்ததும் ஒரு கணக்குச் சொல்கிறேன். என் 63 படங்களில், நகைச்சுவை நடிகை தனியாக இருக்கும் படம் வெறும் நாலு. மற்ற எல்லாவற்றிலும் யாராவது ஒரு நடிகருக்குப் பக்கத்திலோ பின்னாலோ நிற்கிறார்கள். மனோரமாவையே எடுத்துக்கொள்ளுங்கள். மன்னார்குடியில் பிறந்து, 1958-ல் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை'யில் அறிமுகமாகி, ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்துக் கின்னஸ் புத்தகத்தில் இடம் பிடித்தவர். 'தில்லானா மோகனாம்பாள்' (1968) ஜில்ஜில் ரமாமணியை யாராவது மறப்பார்களா? அந்தப் பட ஸ்டில் என்று தேடினால் சிவாஜியும் பத்மினியும் எத்தனையோ கிடைப்பார்கள். ஜில்ஜில் தனியாக ஒன்று எனக்குக் கிடைக்கப் பதினோரு வருஷம் ஆனது. சி.டி. ராஜகாந்தம், அங்கமுத்து என்றெல்லாம் தேட ஆரம்பித்தால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

'கல்யாண பரிசு' (1959) ஸ்டில் ஒன்று இருக்கிறது. பெரிய எழுத்தாளர் என்று மனைவியிடம் அளந்துவிடும் தங்கவேலு, அதை நம்பும் மனைவியாக எம். சரோஜா. நிஜத்திலும் இருவரும் தம்பதிகள் ஆனார்கள். அப்பா தங்கவேலுவிடம் கையெழுத்து வாங்கிவிட்டு, சரோஜாவின் பக்கத்தில் இடம் விட்டு வைத்தார். தங்கவேலு 1994-ல் காலமானார், சரோஜா 2012-ல். அந்த இடம் காலியாகவே இருக்கிறது.

கல்யாணமாகி நான் சென்னைக்கு வந்த பிறகு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்பாவின் ஸ்டில் ஒன்றில், ஓரத்தில், கையில் தட்டோடு வாயைப் பொத்திச் சிரிக்கும் ஓர் அம்மா. 1960-களிலும் 70-களிலும் வேலைக்காரியாக, பக்கத்து வீட்டுக்காரியாக வந்து இரண்டே வரி பேசிச் சிரிக்க வைத்துவிட்டுப் போவார். பெயர் வேண்டாம். அவர் அடையாற்றங்கரையை ஒட்டிய ஒரு தெருவில் மகன் வீட்டில் இருப்பதாக, எங்கள் பால்காரர் மூலமாகத் தெரிந்தது. 2017-ல் படத்தை எடுத்துக்கொண்டு போனேன். எண்பது வயதைத் தாண்டியிருந்தார்.

படத்தை வாங்கியவர் கையெழுத்தே போடவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார், கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். "ஏம்மா, இது நான்தானே?" என்றார்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் கட்டிலுக்கடியில் இருந்த டிரங்குப் பெட்டி முழுகிவிட்டதாம். நாலு நாள் கழித்துத் திறந்தபோது படங்கள் எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கூழாகக் கிடந்ததால், மகன் சேற்றோடு சேர்த்து வாரிக் கொட்டிவிட்டார். பாவம், அந்த நேரத்தில் அவர் எதைத்தான் பார்ப்பார்? "பேரன் நம்ப மாட்டேங்கிறாம்மா. பாட்டி சும்மா சொல்லுதுங்கிறான். டி.வி.ல அந்தப் படம் வர்றப்ப நான் கூப்பிடுறதுக்குள்ள என் சீன் முடிஞ்சு போயிடுது" என்று சிரித்தார். அதே சிரிப்பு, அதே மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு.

"ஸ்டில் எடுக்கிறவர் எங்களைத் தனியா நிக்கச் சொல்ல மாட்டாரு. ஹீரோ ஹீரோயின எடுக்கிறப்ப ஓரமா நாங்க விழுந்தா உண்டு. அதனால நான் என்ன பண்ணுவேன்னா, வேணும்னே தட்டை வச்சிக்கிட்டு அங்கயே கொஞ்சம் நேரம் நிப்பேன்."

பிறகு, முப்பது வருஷமாக யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை, மறந்து போயிருக்கும் என்று சொல்லி, பழைய செய்தித்தாளில் ஏழெட்டுத் தடவை எழுதிப் பழகினார். அப்புறம்தான் படத்தில் போட்டார், கை நடுங்காமல். போட்டுவிட்டுக் கேட்டார்: "நீ என்கிட்ட கையெழுத்து கேட்டு வந்திருக்க. நான் உன்கிட்ட படம் கேக்கலாமா?"

அன்று சாயங்காலமே ஸ்டூடியோவில் கொடுத்து மூன்று பிரதி போட்டேன். ஒன்று அவருக்கு, ஒன்று பேரனுக்கு. இன்னொன்று தனக்கே தெரியாமல் எங்காவது தொலைந்தால் வைத்துக்கொள்ள! அப்பாவின் கண்ணாடிக்கடை வேலை கொஞ்சம் கையில் ஒட்டியிருந்ததால், பெரியதை நானே ஃப்ரேம் போட்டுக் கொடுத்தேன். இரண்டு வருஷம் கழித்து அவர் காலமானபோது, ஹாலில் மாலை போட்டு வைத்திருந்தது அந்தப் படத்தைத்தான். துக்கம் கேட்க வந்தவர்கள் அதைப் பார்த்து, "அட, இவங்களா!" என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பெட்டியைக் காப்பாற்றியிருக்க முடியுமா என்று நிறையப் பேரிடம் கேட்டேன். ஓரளவுக்கு முடிந்திருக்கும் என்றுதான் சொன்னார்கள். மழைக்காலம் வருஷா வருஷம் வருகிறது; அதனால் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கல்யாண ஆல்பத்துக்கும் இது உதவும். நனைந்த படங்களை ஒட்டிக் காய விடவே கூடாது. காய்ந்தால்தான் பசை மாதிரிப் பிடித்துக்கொள்ளும். ஈரமாக இருக்கும்போதே அகலமான பேசினில் சுத்தமான குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, கட்டை அதில் போட்டு, தானாகப் பிரிவதை மெதுவாகப் பிரியுங்கள். நகத்தால் இழுக்காதீர்கள். படம் உள்ள பக்கம் மேலே இருக்கும்படி, பழைய பருத்தி வேட்டியின் மேல், நிழலில், ஃபேன் காற்றில் உலர்த்துங்கள். வெயில் கூடவே கூடாது, சுருண்டுவிடும். உடனே செய்ய ஆள் இல்லை, வீடே தண்ணீரில் கிடக்கிறது என்றால், கரன்ட் இருக்கிற வீடு எதிலாவது, பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃபிரிட்ஜின் ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். வாரக்கணக்கில் அப்படியே இருக்கும். பிறகு நிதானமாகப் பார்க்கலாம். பவுண்டன் பேனாக் கையெழுத்து உள்ள படத்தை மட்டும் தண்ணீரில் போடாதீர்கள். மை கரைந்து ஓடிவிடும். அதை முதலில் போனில் படம் பிடித்துக்கொண்டு, தனியாக நிழலில் காயப் போடுங்கள்.

வெள்ளம் வராவிட்டாலும் நம் வீட்டிலேயே எதிரிகள் உண்டு. முதலாவது, பசையுள்ள அட்டையில் படத்தை வைத்து மேலே பிளாஸ்டிக் தாளை இழுத்து மூடுவோமே, அந்த ஆல்பம். 1980-களின் கல்யாணப் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அந்தப் பசை வருஷக்கணக்கில் படத்தை மஞ்சளாக்கிவிடும். தானாக வருகிற படங்களை எடுத்துவிடுங்கள். வராததைப் பிய்க்காமல் அப்படியே போனில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். குப்பென்று வாசனை அடிக்கும் மெத்தென்ற பிளாஸ்டிக் உறைகளும் ஆகாது. பாலிப்ராப்பிலீன் உறை என்று கேட்டு வாங்குங்கள், அதிகம் விலையில்லை. லாமினேஷன் செய்துவிட்டால் கெடாது என்று நினைக்கிறோம். அந்தச் சூட்டிலேயே கையெழுத்து போய்விடலாம், பிறகு பிரிக்கவும் முடியாது. கண்ணாடி போடுவதானால் கண்ணாடியும் படமும் தொடாதபடி நடுவில் அட்டைக் கரை வைக்கச் சொல்லுங்கள். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். கடைக்காரர் அட்டைக்குக் காசு மிச்சம் பிடிப்பார், விடாதீர்கள்!

வைக்கும் இடம் பரண் அல்ல. அங்கே வெயில் காலத்தில் இட்லிப் பானை மாதிரிக் கொதிக்கும். சமையலறைச் சுவரை ஒட்டியும் வேண்டாம். உள்அறையில் இருக்கும் பீரோவின் நடுத்தட்டு நல்லது. பூச்சிக்கு நம் பாட்டிமார் வேப்பிலை வைத்தார்கள். சருகாகக் காய்ந்த பிறகு, துணியில் முடிந்து, படத்தில் படாமல் வையுங்கள். பச்சையாக வைத்தால் ஈரம் வரும்.

அந்துருண்டை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கைக்குழந்தை உள்ள வீட்டில் அது வேண்டவே வேண்டாம். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ரத்தத்தில் ஜி-6-பி-டி என்ற நொதி குறைவாக இருக்கும். பார்த்தால் தெரியாது. அப்படிப்பட்ட குழந்தைக்கு நாப்தலீன் வாசனை ஏறிய துணியைப் போர்த்தினாலே சிவப்பணுக்கள் உடைந்து, காமாலை கடுமையாக வந்துவிடலாம். படமும் குழந்தைத் துணியும் ஒரே பீரோவில் இருக்கும் வீடுகள் நம் வீடுகள். தவழ்கிற குழந்தை மிட்டாய் என்று நினைத்து வாயில் போட்டுக்கொள்ளும் ஆபத்து வேறு. ஒரு கரப்பான் பூச்சிக்குப் பயந்து இதையெல்லாம் வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டுமா?

புதிதாகக் கையெழுத்து வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போது எல்லாரும் செல்ஃபிதான் கேட்கிறார்கள். நீங்கள் பழைய படம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள், நடிகர்கள் நின்றுவிடுவார்கள். கோவிலில், ஆஸ்பத்திரியில், துக்க வீட்டில், சாப்பாட்டு இலையில் உட்கார்ந்திருக்கும்போது கேட்காதீர்கள். வழவழப்பான படத்தில் பால்பாயிண்ட் எழுதாது, அழியாத மார்க்கர் கொண்டுபோங்கள். வெளிர் நிறமுள்ள இடத்தைக் காட்டி அங்கே போடச் சொல்லுங்கள். கறுப்புச் சட்டையில் கறுப்பு மையால் போட்டால் யாருக்குத் தெரியும்? ஐந்து நிமிஷமாவது உலர விட்ட பிறகு உறையில் போடுங்கள். நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள். விவேக் படத்தில் கையெழுத்து வாங்க வேண்டும் என்று என் மகள் ஒரு ஸ்டில்லை எடுத்து வைத்திருந்தாள். 2021 ஏப்ரலில் அவர் போய்விட்டார், ஐம்பத்தொன்பது வயதில்.

உங்கள் வீட்டில் மாமனாரோ தாத்தாவோ சேர்த்த படங்கள் இருந்து, வைத்துக்கொள்ள இடமும் மனசும் இல்லையென்றால் எடைக்குப் போட வேண்டாம். ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் தனி மனிதராகச் சேர்த்த ஸ்டில்களும் விவரங்களும் இல்லாவிட்டால், நம் பழைய சினிமா பற்றிப் பாதி விஷயம் யாருக்கும் தெரிந்திருக்காது. சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் வீட்டில் சேர்த்த புத்தகங்களையும் நோட்டீஸ்களையும் வைத்து 1994-ல் உருவானது அது. பாட்டுப் புத்தகம், சினிமா நோட்டீஸ் எல்லாம் அங்கே பத்திரமாக இருக்கின்றன. அந்த மாதிரி இடங்களில் விசாரித்துப் பாருங்கள்.

கொடுத்தாலும் சரி, வைத்துக்கொண்டாலும் சரி, படத்தின் பின்பக்கம் எழுதி வையுங்கள். யார், எந்தப் படம், எந்த வருஷம், யார் எங்கே வாங்கியது. எங்கள் வீட்டில் பத்துப் படங்களின் பின்னால் ஒன்றுமே இல்லை. அதில் இருவர் யார் என்று அப்பாவின் சிநேகிதர்களுக்கே தெரியவில்லை. பேனாவால் எழுதினால் முன்பக்கம் ஊறும், பால்பாயிண்ட் அழுந்தும். மெத்தென்ற 2பி பென்சிலால், ஓரமாக, அழுத்தாமல் எழுதுங்கள்.